இடது தோளுக்கு மாறிய துப்பாக்கி

அப்பு,

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் உன் போன் வந்துவிட்டது. "அம்மா, ஆபீச மூடிட்டு இங்கயே வந்துரு. புது வீடு பாத்துட்டோம். கீழேயே ஒனக்கு ஒரு ரூம் இருக்கு, மாடி ஏற வேண்டாம்" என்றாய். பின்னாலிருந்து ரீட்டா, "அத்தை வர்றாங்களா? கேளுங்க, கேளுங்க" என்று சொன்னது எனக்கும் கேட்டது. நான் பதில் சொல்லவில்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து நீ ஹலோ ஹலோ என்று கத்தினாய். லைன் நன்றாகத்தான் இருந்தது. திண்டுக்கல் கோர்ட்டில் இத்தனை வருஷம் வாய் ஓயாமல் பேசியவளை, எதிர்த்தரப்பு வக்கீல் எவராலும் முடியாதபடி, நீ ஒரே வரியில் வாயடைத்துவிட்டாய்.

போனில் பேசினால் நீதான் ஜெயிப்பாய். உன் குரல் கொஞ்சம் கம்மினால் போதும், எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். குமாஸ்தாவிடம் கொடுத்து டைப் அடிக்கச் சொல்ல இது மனு இல்லையே. கையெழுத்து வரியை விட்டு ஏறி இறங்கியிருக்கும். அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது, அதையும் இந்தக் கடிதத்திலேயே சொல்லிவிடுகிறேன். நீ டியூட்டி முடித்து வந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி. பசியோடு படித்தால் உனக்குக் கோபம்தான் வரும்.

நீ சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அப்பா போன பிறகு இந்த வீட்டில் "இன்னைக்கு என்ன வெஞ்சனம்?" என்று கேட்கக்கூட ஆள் இல்லை. தோல் பதனிடும் ஷாப்பில் சூப்பர்வைசராக இருந்தவர் வீட்டுக்குள் வரும்போதே ஒரு வாடையும் கூட வரும். அந்த வாடைக்காக எத்தனை தடவை அவரோடு சண்டை போட்டிருக்கிறேன், இப்போது அதுவும் இல்லாமல் வீடு சோப்பு மணத்தோடு கிடக்கிறது. எல்லாம் உண்மை. ஆனால் கடைசியில் சிரித்துக்கொண்டே ஒன்று கேட்டாயே, "கோர்ட்டு, ஸ்டாம்பு, துப்பாக்கின்னு இன்னும் எம்புட்டு நாளைக்கும்மா?" என்று. அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கடிதம்.

துப்பாக்கி எப்படி என் கைக்கு வந்தது என்று உனக்குத் தெரியாது. அம்மாவுக்கு ஏதோ ஒரு விளையாட்டு ஆசை என்று நினைத்து வளர்ந்தாய். அப்படியே இருக்கட்டும் என்று நாங்களும் விட்டுவிட்டோம். நீ அப்போது ஆறாம் வகுப்பு. சித்தையன்கோட்டைப் பக்கத்திலிருந்து செல்வி என்று ஒரு பெண் கைக்குழந்தையோடு என் ஆபீசுக்கு வந்தாள். முன்பல் ஒன்று இல்லை. புருஷன் அடித்ததில் போனது. அவன் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி வாங்கிக் கேரளாவுக்கு லாரி அனுப்புகிறவன். ஆள் பலம் உள்ளவன் என்பதால் எனக்கு முன்னால் பார்த்த வக்கீல் கேஸ் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் வக்காலத்து வாங்கி, ஜீவனாம்சம் கேட்டு மனுப் போட்டேன். அப்போது எனக்கும் கொஞ்சம் வீம்பு இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஒரு நாள் சாயங்காலம் நான் அடுப்படியில் இருந்தபோது வாசல் கேட்டை நீதான் திறந்தாய். வெள்ளை வேட்டி கட்டிய ஒரு ஆள், கையில் ஒரு பை கத்தரிக்காய். "அம்மா இருக்காங்களா தம்பி?" என்று கேட்டிருக்கிறார். வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லிக் கொடுத்தபடியே உட்கார வைத்து, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாய். நான் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது உன் தலையைத் தடவியபடி கேட்டுக்கொண்டிருந்தார். நீ என்ன படிக்கிறாய், எந்தப் பள்ளிக்கூடம், வேன் எங்கே வந்து நிற்கும், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாய். அது செல்வியின் புருஷன்.

அவன் என்னைப் பார்த்து எழுந்து நின்றான். கும்பிட்டான். "புள்ளைய நல்லா வளத்திருக்கீங்க வக்கீலம்மா. கேட்ட ஒடனே தண்ணி குடுக்குறான். காலம் கெட்டுக் கெடக்கு, சூதானமாப் பாத்துக்கங்க" என்றான். அவ்வளவுதான். பையை வைத்துவிட்டுப் போய்விட்டான். கத்தரிக்காயை அப்படியே கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் கொட்டினேன். "ஏம்மா கொட்டுற? நல்ல மாமாம்மா அவரு" என்று நீ பின்னாலேயே வந்தாய். புழு இருக்கிறது என்றேன். ஒரு காயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "புழுவே இல்லையே" என்றாய்.

போலீசுக்குப் போனேன். அங்கே இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "புள்ளையப் பாத்துக்கங்கன்னு சொன்னதுல என்னம்மா தப்பு? நீங்களே வக்கீல், நீங்களே சொல்லுங்க" என்றார். சட்டப்படி அவர் கேட்டது சரிதான். அதுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது. மறுநாளிலிருந்து வேனை நிறுத்திவிட்டு நானே ஸ்கூட்டரில் உன்னைக் கொண்டுபோய் விட்டேன். உனக்கு ஒரே கொண்டாட்டம். பின்னால் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டே வருவாய். நான் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டிகளை எண்ணிக்கொண்டே ஓட்டுவேன். அந்த வாரமே துப்பாக்கி லைசென்ஸ் கேட்டுக் கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுத்தேன். மனுவோடு சுடத் தெரியும் என்று ஒரு சான்று வைத்தால் நல்லது என்றார்கள். அப்படித்தான் சிறுமலை அடிவாரத்தில் இருக்கும் ரைபிள் கிளப்புக்குப் போனேன். அதற்கு முன் தீபாவளித் துப்பாக்கியைக்கூடத் தொட்டதில்லை.

அங்கே சொல்லிக் கொடுத்தவள் கவிதா. உனக்குக் கவிதா அக்கா. அப்போது அவளுக்கு இருபத்து நாலு வயசு இருக்கும், ஒட்டன்சத்திரத்துக்காரி, பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். தரையில் பாயை விரித்துக் குப்புறப் படுக்கச் சொன்னாள். நீ வயிற்றில் வந்த நாளிலிருந்து நான் குப்புறப் படுத்ததே இல்லை. தடித்த கோட்டை மாட்டி, வாரை இறுக்கி, ரைபிளைத் தோளில் முட்டுக்கொடுத்துப் படுத்தால் நம் ஊர் வெயிலில் அவித்த கிழங்கு மாதிரி ஆகிவிட்டேன். தூரத்தில் ஒரு வெள்ளைக் காகிதம், அதன் நடுவில் கறுப்பு வட்டம். அந்த வட்டத்தில் நான் அவனுடைய முகத்தை வைத்துக்கொண்டு சுட்டேன். நெற்றி, வாய், உன் தலையைத் தடவிய கை, எல்லாவற்றையும். ஒரு குண்டும் கறுப்பில் விழவில்லை. காகிதத்தை எடுத்துப் பார்த்த கவிதா, "ஏனுங்க மேடம், யாரையோ சுடறீங்க போல இருக்குதுங்க" என்றாள். நான் அடுத்த குண்டைப் போட்டேன். "அது வெறுங் காயிதமுங்க. அதுல யாரு மூஞ்சியும் வேண்டாமுங்க. மூச்சைப் பாதி விட்டுட்டுச் செத்த நேரம் சும்மா இருங்க. வெடி தானா போவட்டும்" என்றாள்.

அது எனக்குச் சுலபமாக வரவில்லை. பல வாரம் ஆனது. ஆனால் ஒரு சனிக்கிழமை காலையில், அந்த வட்டம் வெறும் வட்டமாகவே தெரிந்தது. மூச்சு பாதியில் நின்றது. காற்றும் நின்ற மாதிரி இருந்தது. வெடித்தது எனக்கே தெரியாமல் வெடித்தது. கவிதா தொலைநோக்கியில் பார்த்துவிட்டுக் கத்திய கத்தலில் பக்கத்து வேலியில் இருந்த மயில் பறந்தது. அப்பு, அந்த நொடியில் எனக்குப் பயம் இல்லை. அவன் மேல் கோபமும் இல்லை. கல்யாணம், படிப்பு, கேஸ், வாய்தா என்று ஓடிக்கொண்டே இருந்தவளுக்கு அப்படி ஒரு சும்மா இருக்கும் நேரம் இருக்கிறது என்பதே அன்றுதான் தெரிந்தது.

லைசென்ஸ் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். போவதற்கு முதல் நாள் உன் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு, "வாங்கினா எங்க வைப்ப?" என்று கேட்டார். "பீரோல" என்றேன். "பீரோச் சாவி எங்க இருக்கும்னு அவனுக்குத் தெரியும். இந்த வீட்டுல அவன் கைக்கு எட்டாத எடம் எதுன்னு சொல்லு, வாங்குவோம்" என்றார். கூடத்தில் நீ ஸ்டூல் மேல் ஸ்டூல் போட்டு, பரணில் இருந்த என் ஸ்டாம்ப் ஆல்பத்தை எடுத்துக்கொண்டிருந்தாய். மறுநாள் கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். கிளப்பை மட்டும் விடவில்லை. நம் வீட்டுக்குள் துப்பாக்கி ஒரு நாளும் வந்ததில்லை, கிளப் ரைபிள்தான் எனக்கு இன்று வரைக்கும்.

செல்வியின் கேஸ் குறுக்கு விசாரணைக்கு வந்தது. முந்தைய நானாக இருந்தால் கூண்டில் நின்றவனைக் கேள்வி மேல் கேள்வி கேட்டு விரட்டியிருப்பேன். அன்று மெதுவாக ஒன்று கேட்டேன். "உங்க மனைவிக்குப் பல் எப்படிங்க போச்சு?" கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றேன். "கீழ விழுந்துட்டா" என்றான். நான் அடுத்த கேள்விக்குப் போகவில்லை, கட்டைப் புரட்டவில்லை, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கோர்ட்டில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. அவனுக்கு அந்த அமைதி தாங்கவில்லை. "இவளத்தான் ஐயா அடிச்சேன், புள்ளையத் தொட்டதே இல்ல" என்று மாஜிஸ்திரேட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டான். அவனுடைய வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். செல்விக்கு உத்தரவு கிடைத்தது. அவன் அதற்குப் பிறகு நம் தெருப் பக்கம் வரவில்லை. செல்வி இப்போது பூக்கடை வைத்திருக்கிறாள். என்னைப் பார்த்தால் ஒரு முழம் கூட அளந்து கொடுப்பாள், பல் கட்டியிருக்கிறாள், நன்றாகச் சிரிக்கிறாள்.

இதையெல்லாம் என் வீரத்தைச் சொல்ல எழுதவில்லை. ரீட்டாவோடு உனக்கு ஏதாவது உரசல் வந்தால், இரண்டு பேருமே மாற்றி மாற்றி நைட் டியூட்டி பார்க்கிறவர்கள், வராமல் இருக்காது, அப்போது உன் அம்மாவின் மகனாக வாதாட ஆரம்பித்துவிடாதே. உனக்கு என் நாக்கு வந்திருக்கிறது. அது கோர்ட்டுக்கு ஆகும், வீட்டுக்கு ஆகாது. அவளை எதிர்த்தரப்பாக நிறுத்தாமல் பாதி மூச்சை விட்டுவிட்டுச் செத்த நேரம் சும்மா இரு. உன் அப்பா அப்படித்தான் இருந்தார். அவர் எந்தக் கிளப்புக்கும் போகவில்லை, அவருக்கு அது பிறவியிலேயே இருந்தது.

ஸ்டாம்ப் கதை உனக்குக் கொஞ்சம் தெரியும். நான் ஜூனியராகச் சேர்ந்தபோது சீனியர் சம்பளம் என்று எதுவும் தரமாட்டார். அவருக்கு மலேசியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் சொத்து வழக்குக்காரர்கள் கடிதம் எழுதுவார்கள். "கவர எடுத்துக்கம்மா" என்பார். கவரில் ஸ்டாம்ப் ஒட்டிய மூலைகளை வெட்டி எடுத்து வந்ததுதான் என் முதல் சம்பளம். நீ பிறந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தட்டில் தண்ணீர் ஊற்றி ஸ்டாம்ப்புகளை ஊறப்போடுவோம். பசை விட்டுத் தாள் கழன்று அவை மிதக்க ஆரம்பிக்கும்போது நீ ஊதி ஊதிக் கப்பல் விடுவாய். அப்பா துணியில் ஒற்றி எடுப்பார். ஒரு ஸ்டாம்ப்பில் யாழ் மாதிரி ஒரு வாத்தியம், மேலே நாலே எழுத்து, எந்த நாடு என்று எங்களுக்குப் புரியவில்லை. நீ எழுத்துக் கூட்டி "எய்ரே" என்று படித்தாய். அப்பா, "அப்படி ஒரு நாடே கெடையாதுலே" என்று சிரித்தார். நூலகத்தில் தேடிப் பார்த்துத்தான் அது அயர்லாந்து என்று நான் வந்து சொன்னேன். அன்றைக்குப் பூராவும் "எய்ரே, எய்ரே" என்று வீடு முழுக்கக் கத்திக்கொண்டு திரிந்தாய். இன்று அந்த நாட்டில்தான் நோயாளிகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருக்கிறாய். அப்பா இதைப் பார்த்திருக்கலாம்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். கோபப்படு, ஆனால் முழுசாகப் படித்துவிட்டுக் கோபப்படு. போன வருஷம் ஒரு நாள் ஆல்பத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, ஒரு ஸ்டாம்ப்பின் ஓரத்துப் பல் வரிசை நடுவில் வளைந்து தெரிந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அச்சில் தப்பு விழுந்த ஸ்டாம்ப் என்றால் எங்களைப் போன்றவர்களுக்குப் பொங்கல்தானே. பக்கத்து ஸ்டாம்ப்பைப் பார்த்தேன், அதுவும் வளைந்திருந்தது. பக்கம் முழுவதும் வளைந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தால் கதவு நிலையும் வளைந்திருந்தது. இடது கண்ணை மூடினால்தான் இப்படி, வலது கண்ணை மூடினால் எல்லாம் நேராக இருந்தது. கிளப்பில் கறுப்பு வட்டம் கடித்த பணியாரம் மாதிரி தெரிந்தது. நான் சொல்வதற்கு முன்பே கவிதா காகிதத்தைப் பார்த்துக் கண்டுபிடித்து, என்னைத் தன் வண்டியில் ஏற்றி மதுரைக்குக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வலது விழித்திரையின் நடுவில் நீர்க் கசிவு என்றார்கள். கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள். மறுபடியும் போனேன், மறுபடியும் போட்டார்கள். இனி மோசமாகாமல் நிறுத்தி வைத்திருக்கிறோம், போன பார்வை திரும்பாது என்றார்கள். இடது கண்ணுக்கு ஒன்றும் இல்லை. நீ நர்ஸ், உனக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. ரிப்போர்ட் எல்லாவற்றையும் நகல் எடுத்து இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், நீயே பார்த்துக்கொள்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொல்லியிருந்தால் அடுத்த விமானத்தில் வந்திருப்பாய். வந்து, கண்ணில் டார்ச் அடித்து, மாத்திரையை எடுத்து வைத்து, படியில் கையைப் பிடித்து இறக்கி, அருமையாகப் பார்த்திருப்பாய். உனக்கு நான் பேஷண்ட் ஆகியிருப்பேன். கொஞ்ச நாள் கழித்து ஆகிறேனே என்று நினைத்தேன். வேறு ஒன்றும் இல்லை.

ஊசி எல்லாம் முடிந்த பிறகு கிளப்புக்குப் போய், "இத்தோட போதும் கவிதா" என்றேன். அவள், "போதும்னு யாருங்க சொன்னது? எடது கண்ணு நல்லாத்தானே இருக்குதுங்க, எடது தோளுக்கு மாத்திக்கலாமுங்க" என்றாள். அறுபது வயதுக்கு மேல் இடது கையால் எழுதப் பழகுகிற மாதிரிதான் அது. இடது கன்னத்தில் ரைபிளை வைத்தால் யாரோ வீட்டுத் தலையணையில் படுத்த மாதிரி இருக்கிறது. இடது கை விரல் டிரிகரில் நிற்க மாட்டேன் என்கிறது, வேறு யாருடைய விரலோ மாதிரி நடுங்குகிறது. "ரெண்டு வயசுக் கொழந்தைன்னு நெனச்சுக்கங்க மேடம், அதுக்கு வலது எடது தெரியுமாங்க?" என்கிறாள். இந்தக் கடிதத்தையும் பாதிக்கு மேல் வலது கண்ணை மூடிக்கொண்டுதான் எழுதுகிறேன். வரி ஏறி இறங்குவது அதனால்தான்.

போன மாதம் இங்கே ஒரு சின்னப் போட்டி நடந்தது. பேர் கொடுத்தேன். பாதியில் என் பக்கத்தில் படுத்திருந்த காலேஜ் பிள்ளை தொலைநோக்கியில் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, என் பேப்பர்ல ஒரு ஓட்டை கூட இருக்கு" என்றாள். அது என் குண்டு. அவள் காகிதத்தில் போய், அதுவும் நட்ட நடுவில், கச்சிதமாக விழுந்திருக்கிறது. கையைத் தூக்கி, நடுவரைக் கூப்பிட்டு, "என்னுதுதான் ஐயா" என்று ஒப்புக்கொண்டேன். எனக்கு அது பூஜ்யம். கடைசி இடம் எனக்குத்தான். ஆனால் பாயில் குப்புறப் படுத்தபடி நானும் அந்தப் பிள்ளையும் சிரித்த சிரிப்பில் நடுவர் வந்து எங்களை அதட்ட வேண்டியதாகிவிட்டது. அப்பா இறந்த பிறகு நான் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அதனால் அப்பு, ஆபீசை மூட மாட்டேன். பிடிவாதம் என்று நினைக்காதே. இங்கே காலையில் எழுந்தால் என்னிடம் யாராவது எதையாவது கேட்கிறார்கள். செல்வி மாதிரி ஒருத்தி படியேறி வருகிறாள். குமாஸ்தா வாய்தா தேதியைச் சொல்லிப் பயமுறுத்துகிறார். கவிதா, "சனிக்கிழமை வாரீங்கல்ல?" என்று போன் போடுகிறாள். உன் வீட்டின் கீழ் ரூமில் என்னை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், சாப்பிட்டியா தூங்கினியா என்பதைத் தவிர. நீ அவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொள்வாய் என்பதுதான் எனக்குப் பயம். அந்த ரூமைக் காலியாகவே வைத்திரு என்று சொல்ல மாட்டேன். ரீட்டாவின் அம்மா வந்தால் தங்கட்டும், நாளைக்கு ஒரு பிள்ளை பிறந்தால் அதன் சாமானைப் போட்டு வை.

ஆனால் மே மாதம் இங்கே கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை. அந்த மாதம் உங்களுக்கு. இந்த மே மட்டும் இல்லை, என் காலும் கண்ணும் ஒத்துழைக்கும் வரைக்கும் ஒவ்வொரு மேயும். டிக்கெட்டை நீயே போடு, மறுக்க மாட்டேன். ரீட்டாவுக்குப் பிடித்த நார்த்தங்காய் ஊறுகாய் போட்டுவிட்டேன், வருவதற்குள் நன்றாக ஊறிவிடும். அங்கே ரைபிள் கிளப் இருக்கிறதா என்று வேண்டுமானால் விசாரித்து வை, கட்டாயம் இல்லை. ஸ்டாம்ப் கடை ஒன்றுக்கு மட்டும் கூட்டிக்கொண்டு போ. இப்போது வருவதெல்லாம் ஸ்டிக்கராகிவிட்டது, தண்ணீரில் போட்டால் கழலவே மாட்டேன் என்கிறது. பழையது இருந்தால் பார்ப்போம்.

ஒன்றே ஒன்று. விமான நிலையத்தில் கூட்டத்துக்குள் நின்று கையை ஆட்டிக்கொண்டிருக்காதே. தூரத்திலிருந்து பார்த்தால் இப்போதெல்லாம் எனக்கு முகம் சட்டென்று பிடிபடுவதில்லை, நான் பாட்டுக்கு உன்னைத் தாண்டிப் போய்விடுவேன். அந்த ஊர்க்காரர்கள் என்ன நினைப்பார்களோ என்று வெட்கப்படாமல், வாய் நிறைய, சத்தமாக "அம்மா" என்று கூப்பிடு. அங்கே வேறு யார் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள்?

உன் அம்மா